பங்களாவும் லயமும்: பழைய ஒளிப்படங்களில் நம் தோட்டத்து வீடுகள்

மலாயாத் தோட்டப்புறங்களின் பழைய ஒளிப்படங்களைக் காண்பது முன்போல் இன்று அரிதன்று. மலேசியாவின் தேசிய ஆவணக் காப்பகத்திலும் சிங்கப்பூரின் தேசிய ஆவணக் காப்பகத்திலும் அவை பேணப்படுகின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள பிரிட்டிஷ் மலாயாச் சங்கத்தின் தொகுப்பிலும் அவை உள்ளன. ஆசிரியர்கள் அவற்றை வகுப்பறைக்குக் கொண்டு செல்கின்றனர். மாணவர்கள் தம் செயல்திட்ட ஏடுகளில் ஒட்டுகின்றனர். அவற்றுள் வீடுகளைக் காட்டும் படங்களை மட்டும் தனியே பிரித்து வைத்தால் இரு வகை எஞ்சும். ஒன்று, மேட்டின்மேல் நிற்கும் துரையின் பங்களா. மற்றொன்று, சரிவின் அடியில் நீண்டு கிடக்கும் தொழிலாளர் லயம்.

இவ்விரு வகைப் படங்களின் கீழுள்ள குறிப்புகளைப் படித்துப் பாருங்கள். பங்களாவின் படத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கும். மேலாளரின் பெயரும் பல வேளைகளில் இருக்கும். லயத்தின் படத்தின் கீழ் 'கூலி லைன்ஸ்' என்ற இரு சொற்களே இருக்கும். எந்தத் தோட்டத்து லயம், எத்தனை குடும்பங்கள், வாசலில் நிற்கும் பெண்மணி யார் என்பனவற்றுள் ஒன்றும் இராது. இக்குறிப்புகளை மட்டும் துணையாகக் கொண்டு படத்தைப் பார்ப்பவர், படம் எடுத்தவரின் கண்ணாலேயே பார்க்கிறார். அந்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் தம் வாழிடத்தைக் குறிக்க வழங்கிய சொற்களோ இன்னும் நம் முதியோர் நாவில் உள்ளன. படத்திற்குள் விழாதவற்றை அச்சொற்களைக் கொண்டு மீட்கலாம் என்பதே இவ்வுரையின் கருத்து.

தோட்டத்திற்குள் நுழையுமுன், ஒளிப்படக் கலை பிறந்த இடத்தைச் சற்றே நோக்குதல் தகும். இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய ஒளிப்படம், பிரான்சு நாட்டில் நீயெப்ஸ் என்பவர் 1826-27 அளவில் தம் நாட்டுப்புற மாளிகையின் மேல்மாடிச் சாளரத்திலிருந்து எடுத்தது. எஞ்சியுள்ள மிகப் பழைய எதிர்ப்படமோ, இங்கிலாந்தின் லேக்காக் என்னும் சிற்றூரில் டால்பட் என்பவர் 1835ஆம் ஆண்டு ஆகஸ்டில் எடுத்தது. அது காட்டுவதும் அவருடைய மாளிகையின் சாளரம்தான். ஒருவர் சாளரத்திலிருந்து வெளியே நோக்கினார். மற்றவர் சாளரத்தையே நோக்கினார். இருவரும் நின்ற இடம் பெரிய வீடு. ஓய்வும் பொருளும் உடையோரே அன்று இக்கலையில் ஈடுபட முடிந்தது என்பதால் இதில் வியப்பில்லை.

டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட நூலில் 24 படங்கள் உள்ளன. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று 'திறந்த கதவு'. பழைய கட்டடமொன்றின் வாயில், அதில் சாய்த்து வைக்கப்பட்ட துடைப்பம், தொங்கும் விளக்கு. அழகிய படம். துடைப்பம் இருக்கிறது, பெருக்கியவர் இல்லை. எளியோரின் வாசலை அழகுப் பொருளாகக் காட்டி, அங்குப் புழங்கியவரைக் காட்டாது விடும் வழக்கத்திற்கு இதனை ஒரு தொடக்கம் எனலாம். 1897இல் தொடங்கிய 'கன்ட்ரி லைஃப்' என்னும் ஆங்கில வார இதழ் நாட்டுப்புற மாளிகைகளின் படங்களை இடைவிடாது வெளியிட்டு, வீட்டைப் படமெடுப்பது எவ்வாறு என்பதற்கே ஓர் இலக்கணம் வகுத்தது. முன்னே புல்வெளி, நடுவே வீடு, பின்னே மரங்கள், மேலே பரந்த வானம். மலாயாவுக்கு வந்த தோட்டத்துரைமார் இவ்விலக்கணத்தில் பழகிய கண்ணோடுதான் வந்தனர்.

இங்கும் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் இருந்தனர். ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனம் 1867இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. சுமத்ராவின் மேடான் நகரிலிருந்து பணியாற்றிய கிளைன்குரோத் 1907இல் மலாயாத் தீபகற்பத்தைப் பற்றிய படத்தொகுப்பொன்றை வெளியிட்டார். 1908இல் ஆர்னால்டு ரைட், கார்ட்ரைட் ஆகியோர் பதிப்பித்த 'பிரிட்டிஷ் மலாயாவின் இருபதாம் நூற்றாண்டுத் தோற்றங்கள்' என்னும் பெருநூலில் தோட்டங்களின் படங்கள் நிறைந்துள்ளன. ரப்பர் விலை 1910இல் உச்சத்தைத் தொட்ட காலம் அடுத்து வந்தது. இலண்டனில் புதுப்புது நிறுவனங்கள் பங்குகளை விற்றன. தொலைவிலிருந்து பணம் போட்டவருக்கு நேர்த்தியான பங்களாவும் வரிசை பிசகாத லயமும் நம்பிக்கை அளித்திருக்கும். அக்காலப் படங்கள் பலவற்றில் தென்படும் ஒழுங்கு, பார்ப்போரை முன்னிட்டு அமைக்கப்பட்ட ஒழுங்கு என்றே நான் கருதுகிறேன்.

இனிச் சொற்களுக்கு வருவோம்.

'பங்களா' என்னும் சொல்லின் வரலாறு ஒரு நகைமுரணை உடையது. வங்காளத்தைச் சார்ந்தது எனப் பொருள்படும் 'பங்லா' என்பதே அதன் மூலம். வளைந்த கூரை வேய்ந்த வங்காளத்து எளிய வீட்டை அது குறித்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் அச்சொல்லை எடுத்தாண்டனர். பின்னர் அது இராணுவக் குடியிருப்பு, மலைவாழிடம், தோட்டம் எனப் பரவித் தமிழுக்கும் மலாய்க்கும் வந்தது. 1870களில் இங்கிலாந்தின் கெண்ட் கடற்கரையில் கட்டப்பட்ட ஓய்வில்லங்களுக்கும் பெயராயிற்று. உழவனின் குடிலைக் குறித்த சொல் துரையின் மாளிகையில் குடியேறிவிட்டது. குடில் தன் பெயரை இழந்தது.

'லயம்' என்பது வேறொரு வழியில் வந்தது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் சிப்பாய்கள் தங்கிய நீண்ட கட்டட வரிசைகளை 'லைன்ஸ்' என்றனர். அதே சொல்லும் அதே கட்டட அமைப்பும் தோட்டத்திற்கு வந்தன. தமிழர் நாவில் 'லைன்' என்பது 'லயன்' ஆகி, 'லயம்' என நிலைபெற்றது. இவ்வீற்று மாற்றம் நம் மொழிக்குப் புதிதன்று. நிலம், நிலன், அறம், அறன் என மகரமும் னகரமும் ஈற்றில் ஒன்றற்கொன்று மாறி வருவதைப் பழைய இலக்கியம் கற்றோர் அறிவர். இங்கோ, னகர ஈற்றோடு வந்த சொல்லை, அஃறிணைப் பெயர்களுள் பெருவழக்கான 'அம்' ஈறு தன்பால் இழுத்துக்கொண்டது. சிலர் இதனைக் குதிரை கட்டும் 'லாயம்' என்னும் சொல்லோடு தொடர்புபடுத்துவர். ஒலி வரலாறு அதற்கு இடம் தரவில்லை. ஆயினும் முதியவர் ஒருவர் அவ்வாறு விளக்கம் கூறினால், அவர் சொல்லின் வரலாற்றை விட்டுத் தம் வரலாற்றைக் கூறுகிறார் என்று கொள்ளுதல் வேண்டும்.

காலையில் தொழிலாளர் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் நிகழ்ச்சியைப் 'பெரட்டு' என்றனர். அது 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. லயமும் பெரட்டும் படைவீட்டுச் சொற்கள் என்பதை ஒருங்கே வைத்து நோக்கினால், தோட்டம் எதனை முன்மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டது என்பது விளங்கும். எந்த ஒளிப்படமும் இதனை நமக்குச் சொல்வதில்லை; படத்தில் அது வெறும் நீண்ட கட்டடம். சொல்லோ தன் பிறப்பிடத்தை மறைக்கவில்லை.

'கூலி' என்பதைப் பற்றியும் ஒரு சொல். தமிழில் கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். அது ஒரு பொருளைக் குறிக்கும் பெயர், இழிவேதும் அற்றது. ஆங்கிலத்தில் வழங்கும் 'கூலி'யின் மூலம் தமிழ்தானா, குசராத்துப் பகுதியின் ஓர் இனப்பெயரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் படக்குறிப்புகளில் அச்சொல் மனிதனைக் குறிக்கிறது. மாணவர்கள் இக்குறிப்பை மொழிபெயர்க்கும்போது 'கூலிகளின் வரிசை வீடுகள்' என்று எழுதுவதைக் காண்கிறேன். 'தொழிலாளர் லயம்' என்று எழுதுவது போதும். மூலக் குறிப்பு இன்னவாறு இருந்தது என்பதை உடன் சேர்த்துக் கூறினால் வரலாறும் மறைக்கப்படாது.

இச்சொற்களைக் கையில் ஏந்திக்கொண்டு படத்தைப் படிக்கத் தொடங்கலாம். முதலில், படப்பெட்டி நின்ற இடம். பங்களாவைக் காட்டும் படங்கள் பல, கீழிருந்து மேல் நோக்கி எடுக்கப்பட்டவை. வீடு வானத்தை ஒட்டி நிற்கிறது. லயத்தைக் காட்டும் படங்கள் பல, மேலிருந்து கீழ் நோக்கி எடுக்கப்பட்டவை, கூரைகளே தெரிகின்றன. அந்த உயரம் எதன் உயரம் என்று மாணவரிடம் கேளுங்கள். பங்களா இருந்த மேடாக அது இருத்தல் கூடும்.

அடுத்து, கதவுகளை எண்ணுதல். பழைய பலகை லயங்களுள் பல முதுகோடு முதுகொட்டியவை. நடுச்சுவரின் இருபுறமும் அறைகள் இருந்தன. படத்தில் ஒரு பக்கமே தெரியும். முன்புறம் பத்துக் கதவுகள் தெரிந்தால், காற்றும் வெளிச்சமும் நேரே ஊடுருவ வழியின்றிப் பின்புறமும் பத்துக் குடும்பங்கள் இருந்திருக்கலாம். பல தோட்டங்களில் அறையின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதே. முன்னே ஒடுங்கிய திண்ணை போன்ற பகுதி இருந்தது. அதனை 'அஞ்சடி' என்போம். 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகருக்கு வகுத்த திட்டத்தில், கடைகளின் முன் தொடர்ச்சியான நடைவழி விடப்பட வேண்டுமென்று இருந்தது. அதுவே பின்னர் ஐந்தடி நடைவழி எனப் பெயர் பெற்றது. மலாயில் 'காக்கி லீமா'. நகரத்துக் கடைத்தெருவின் அளவுப்பெயர் தோட்டத்து வீட்டின் முகப்பிற்கு வந்து சேர்ந்த கதை, நம் வட்டார வழக்கை ஆராய விரும்பும் மாணவருக்கு நல்ல பொருள். மலாயிலிருந்து வந்த 'அத்தாப்பு'க் கூரையும், போர்த்துகீசியத்திலிருந்து வந்த 'குசினி'யும் இதே வீட்டின் உறுப்புகள். இலங்கை மலையகத்தார் லயத்து அறையைக் 'காம்பரா' என்பர். அதுவும் போர்த்துகீசியம் தந்ததே. ஆசியாவின் வாணிக வழிகள் அத்தனையும் அந்தப் பன்னிரண்டடிக்குள் சந்தித்துக்கொண்டன.

மூன்றாவதாக, ஆளரவமின்மை. லயங்களின் படங்களுள் சில கைவிடப்பட்ட ஊர் போலத் தோன்றும். கதவுகள் சாத்தியிருக்கும், ஓரிரு முதியோரும் குழந்தைகளுமே தென்படுவர். இதனைக் கண்டு, அங்கு மக்கள் குறைவு என்று எழுதிவிடுதல் கூடாது. ரப்பர்ப் பால் மிகுதியாக வடிவது விடியற்காலைக் குளிர்ச்சியில். எனவே பொழுது புலருமுன் பெரட்டு முடிந்து, ஆணும் பெண்ணும் வெளிக்காட்டிற்குச் சென்றுவிடுவர். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகைக்குச் செல்லும். படப்பிடிப்பாளருக்கோ நல்ல வெயில் வேண்டும். அவர் வந்த நேரத்தில் வீட்டுக்காரர் வீட்டில் இல்லை. டால்பட்டின் துடைப்பத்தைப் போல இங்கும் வாசல் மட்டும் படத்தில் விழுந்தது. இந்த வெறுமை உழைப்பு நேரத்தின் அடையாளம்.

நான்காவதாக, நீர். லயத்தை ஒட்டி வெயில் பட்டு ஒளிரும் தெளிந்த சிற்றோடையொன்று சில படங்களில் காணப்படும். பார்ப்பதற்கு இனிமையானது. 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், பல ஆண்டுக்கால ஆய்வுக்குப் பின் வெளிப்படுத்திய உண்மை வேறு. கடலோரச் சமவெளியில் காட்டைத் திருத்திச் சதுப்பு நீரை வடித்தபோது மலேரியா தணிந்தது. அங்கு நோய் பரப்பிய கொசு நிழலான தேங்குநீரில் பெருகுவது. குன்றுப் பகுதிகளில் அதே முறை பயன் தரவில்லை. அங்கு நோய் பரப்பிய கொசு, காடு வெட்டப்பட்டு வெயில் படும் தெளிந்த ஓடைகளில் பெருகுவது. அதாவது, படத்தில் அழகாகத் தெரியும் அந்த ஓடைதான் லயத்திற்குள் மரணத்தைக் கொண்டுவந்தது. ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய்வழிச் செலுத்துதலும் எண்ணெய் தெளித்தலும் பின்னர் மேற்கொள்ளப்பட்டன. மேட்டில் பங்களாவும் பள்ளத்தில் லயமும் அமைந்த தோட்டத்தில் யார் எதற்கு அருகில் உறங்கினர் என்பதைப் படத்திலேயே அளந்து காட்டலாம்.

பெரிய வீடுகளைப் பற்றியும் நேர்மையாகப் பேசுதல் வேண்டும். அவையும் தமிழர் கைபட்டவை. பேராக் மாநிலத்துப் பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகை அனைவரும் அறிந்தது. ஸ்காட்லாந்தினரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1910ஐ ஒட்டி முதல் வீட்டையும், 1915 முதல் அதனோடு இணைந்த பெருமாளிகையையும் கட்டத் தொடங்கினார். 1926இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்தார், மாளிகை முற்றுப்பெறவில்லை. தென்னிந்தியத் தொழிலாளர் அதில் உழைத்தனர். கட்டுமானத்தின்போது கொள்ளைநோய் பரவ, தொழிலாளர் வேண்டுகோளின்படி மாரியம்மன் கோயில் எழுப்பப்பட்டதாக வழங்கப்படுகிறது. அக்கோயிலின் உருவங்களுக்கிடையே ஐரோப்பிய உடையணிந்த ஓர் உருவம் நிற்பதை இன்றும் காணலாம். மாளிகையைப் படமெடுப்போர் பலர்; அந்தக் கோயிலுருவைப் படமெடுப்போர் சிலரே. வரலாற்றாசிரியன் என்ற முறையில் எனக்கு இரண்டாவதே பெரிது. துரைமார் எடுத்த படங்களில் தொழிலாளர் பெயரின்றி நிற்கின்றனர். தொழிலாளர் தம் கோயிலில் துரையை அடையாளம் தெரியுமாறு நிறுத்தி வைத்தனர்.

பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலுக்கு அருகில், கலிடோனியா தோட்டத்தில், ராம்ஸ்டன் குடும்பத்தாருடைய மாளிகையொன்று பாழடைந்து நிற்கிறது. மக்கள் அதனைத் 'தொண்ணூற்றொன்பது கதவு வீடு' என்பர். உடையவர் இட்ட பெயரைப் புறந்தள்ளி மக்கள் இட்ட பெயர் நிலைத்தது. வாழிடத்தைக் கதவுகளால் அளந்தறிந்த மக்கள், பெருமாளிகையையும் அதே அளவுகோலால் அளந்தார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. இது என் ஊகம். சான்று காட்டுவது கடினம். ஆனால் குடும்பத்திற்கு ஒரு கதவு என்றிருந்த இடத்தில், ஒரு குடும்பத்திற்குத் தொண்ணூற்றொன்பது கதவு என்னும் தொடரில் வியப்பினும் மிகுதியாக ஏதோ ஒன்று ஒலிக்கிறது.

போருக்குப் பின் பல தோட்டங்களில் முதுகொட்டிய பலகை லயங்கள் நீங்கி, இரட்டை வீடுகளும் கல்வீடுகளும் வந்தன. 1966இலும் பின்னர் 1990இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுத்தன. தரம் உயர்ந்ததே அன்றி, வேலை நின்றால் வீடும் போகும் என்னும் நிலை மாறவில்லை. துரைக்கும் பங்களா சொந்தமன்று. அதுவும் நிறுவனத்தின் உடைமையே. ஆனால் அவர் ஊர் திரும்பும்போது படத்தொகுப்பைத் தம்மோடு கொண்டு சென்றார். அதனால்தான் அது இன்று கேம்பிரிட்ஜில் இருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டபோதும், செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் விட்டபோதும், லயத்தை விட்டு வெளியேறியவர் கையில் அந்த வீட்டின் படம் பெரும்பாலும் இல்லை.

அவர்களிடம் வேறொரு படம் இருந்தது. திருமணம் முடிந்ததும், அல்லது தமிழகத்திலுள்ள உறவினருக்கு அனுப்புவதற்காகவும், பட்டணத்துப் படநிலையத்திற்குச் சென்று எடுத்துக்கொண்ட படம் அது. கணவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். மனைவி அருகில் நிற்பார். பின்னால் தொங்கும் திரையைக் கவனியுங்கள். தூண்களும் வளைவான படிக்கட்டும் கைப்பிடிச் சுவரும் பூந்தொட்டிகளும் தீட்டப்பட்டிருக்கும். லயத்தில் வாழ்ந்தவர், தீட்டப்பட்ட பங்களாவின் முன் நின்று படமெடுத்துக்கொண்டார். அவர் வாழ்ந்த வீடு குடும்பத் தொகுப்பில் இல்லை. வாழாத வீடு இருக்கிறது. இதனைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். உறவினர் கண்ணுக்குத் தம்மை எவ்வாறு காட்ட விரும்பினார் என்பதற்கு அது மெய்யான சான்று.

ஆசிரியர்கள் இத்தகைய படங்களை மாணவர் வழியே திரட்டும்போது, முன்புறத்தை மட்டும் நகலெடுத்து நிறுத்திவிட வேண்டா. பின்புறத்தையும் நகலெடுங்கள். மையினாலோ பென்சிலாலோ எழுதப்பட்ட வரிகள் அங்கு இருக்கலாம்: பெயர், முறைப்பெயர், தேதி, தோட்டத்தின் பெயர், சில வேளைகளில் எத்தனையாவது கட்டை என்னும் குறிப்பு. ஆங்கிலத் தோட்டப் பெயரைத் தமிழர் எவ்வாறு ஒலித்தனர் என்பதை அந்த எழுத்துப்பெயர்ப்பே காட்டும். அதனைத் திருத்தாமல் அவ்வாறே படியெடுத்தல் வேண்டும். பின்னர் அப்படத்தை வீட்டிலுள்ள முதியவரிடம் கொடுத்து, திரைக்குப் பின்னாலிருந்த உண்மையான வீட்டைச் சொல்லச் சொல்லுங்கள். எத்தனையாம் லயம், எத்தனையாவது கதவு, அஞ்சடியில் என்ன இருந்தது, குசினி எப்பக்கம், தண்ணீர் எங்கிருந்து வந்தது, பக்கத்துக் கதவில் யார் இருந்தனர். 'எங்கள் லயம்' என்று அவர் சொல்லத் தொடங்கும்போது குறிப்பேடு திறந்திருக்கட்டும். அவர் அச்சொல்லால் குறிப்பது கட்டடத்தை மட்டும் ஆகாது, அந்த வரிசையில் வாழ்ந்த அத்தனை பேரையும்.

அவ்வாறு எழுதியெடுத்த குறிப்பைப் படத்தோடு சேர்த்து, நாள், இடம், சொன்னவருடைய இசைவு ஆகியவற்றைப் பதிந்து, பள்ளி நூலகத்தில் ஒரு படியும் குடும்பத்தாரிடம் ஒரு படியும் வைக்கலாம். முதியோர் பலர் எண்பதைக் கடந்துவிட்டனர். வரும் பள்ளி விடுமுறையிலேயே இதனைத் தொடங்குவது நலம்.